குழந்தை சொன்ன பிறகு யாரிடம் போவது? தருமபுரி, கிருஷ்ணகிரி பெற்றோருக்கான முழுமையான வழிகாட்டி

2024 ஆகஸ்டில் பர்கூர் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் என்.சி.சி. முகாம் என்ற பெயரில் நடந்த போலி முகாமில் ஒரு சிறுமி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானாள். முகாம் போலி என்பதுதான் பலருக்கும் நினைவில் நிற்கிறது. எனக்கு அதைவிடக் கனமாகப் பட்டது வேறு. விஷயம் தெரிந்தும் போலீசுக்குச் சொல்லவில்லை என்று, முகாம் நடத்தியவரோடு பள்ளியைச் சேர்ந்தவர்களும் கைதானார்கள்.

நம் இரண்டு மாவட்டங்களிலும் இதுதான் திரும்பத் திரும்ப நடக்கிறது. குழந்தை எப்படியோ வாயைத் திறந்துவிடுகிறது. கேட்ட பெரியவர் அதை அங்கேயே நிறுத்திவிடுகிறார். "பொம்பளப் புள்ள விசயம், வெளிய தெரிஞ்சா நாளைக்கு யாரு கட்டுவாங்க" என்ற ஒரே பேச்சில் எல்லாம் முடிந்துபோகிறது. ஆகவே பாதுகாப்பு என்றால் குழந்தையிலிருந்து காவல் நிலையம் வரை செய்தி தடையில்லாமல் போக ஒரு வழியை முன்கூட்டியே போட்டு வைப்பது. அதை எப்படிப் போடுவது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: குழந்தை யாரிடம் சொல்லும் என்று முடிவு செய்யுங்கள்

ஓசூர் கம்பெனி பஸ்ஸுக்காக விடியுமுன்னே கிளம்பும் அம்மாக்கள் இருக்கிறார்கள். பென்னாகரம், அரூர், ஊத்தங்கரை பக்கம் பெற்றோர் இருவரும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட, பிள்ளைகள் பாட்டி வீட்டில் வளர்வது சாதாரணம். "அம்மாகிட்ட சொல்லு" என்று மட்டும் சொல்லிக் கொடுத்தால், அம்மா ஊரில் இல்லாத பிள்ளை என்ன செய்யும்?

அதனால் மூன்று பேர் வேண்டும். வீட்டில் ஒருவர், பள்ளியில் ஒருவர், இரண்டுக்கும் வெளியே ஒருவர். யார் என்பதைக் குழந்தையே தேர்ந்தெடுக்கட்டும். நீங்கள் நினைக்கும் சித்தப்பாவை அது சொல்லாமல் போனால் வற்புறுத்த வேண்டாம். ஏன் சொல்லவில்லை என்று மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பேரின் எண்ணையும், கூடவே 1098 என்ற எண்ணையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். 1098 குழந்தைகள் உதவி எண். இலவசம், 24 மணி நேரமும் எடுப்பார்கள், பிள்ளையே நேராகக் கூப்பிடலாம். பாட்டியின் பட்டன் போனிலிருந்தும் கூப்பிடலாம் என்பதைப் பாட்டிக்கும் சொல்லி வையுங்கள்.

பிறகு சொல்லிக் கொடுக்க வேண்டியவை. 'குட் டச், பேட் டச்' இப்போது பள்ளிகளிலேயே சொல்கிறார்கள். வீட்டில் விடுபடுவது இரண்டு. ஒன்று, உடல் உறுப்புகளுக்குப் பெயர். வெட்கப்பட்டுப் பெயரே சொல்லித் தராத வீட்டில், குழந்தை "அங்க வலிக்குது" என்பதோடு நின்றுவிடும். இன்னொன்று, தப்பு செய்பவர் தெரிந்தவராகவே இருக்கக்கூடும் என்பது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளில் ஆண்டுதோறும் போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) வழக்குகளில் மிகப் பெரும்பாலானவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்கு ஏற்கெனவே அறிமுகமானவர்தான்: உறவினர், பக்கத்து வீட்டுக்காரர், பாடம் சொல்லித் தருபவர், பழகியவர். புதிய ஆளைப் பார்த்துப் பயப்படச் சொல்லிக் கொடுப்பது கால் பங்கு வேலைதான்.

"யாருகிட்டயும் சொல்லாத" என்று எந்தப் பெரியவர் சொன்னாலும் அதைக் கட்டாயம் வீட்டில் சொல்ல வேண்டும் என்பது சிறு பிள்ளைகளுக்கும் எளிதில் பிடிபடும் விதி. பையன்களுக்கும் இதே பாடம்தான். போக்சோ சட்டத்தில் ஆண், பெண் வித்தியாசம் இல்லை; 18 வயது நிறையாத எல்லோரும் குழந்தைதான்.

இரண்டாம் படி: சொல்லும்போது எப்படிக் கேட்பது

இதில்தான் பெரும்பாலான வீடுகள் தடுக்கி விழுகின்றன. பிள்ளை நடந்ததை முழுக்கதையாகச் சொல்லாது. சாயங்காலம் பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்கும்போது இப்படி வரும்:

"அம்மா, நாளைல இருந்து நான் டியூசனுக்குப் போவல."

"ஏன் கண்ணு?"

"சும்மாதான்."

"காசு கட்டியிருக்குது, சும்மான்னா எப்படி" என்று பேச்சை முடிப்பது எளிது. அப்படிச் செய்யாதீர்கள். கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். "சரி, போக வேண்டாம். அங்க என்ன நடந்துச்சுன்னு சொல்லு, நான் திட்ட மாட்டேன்" என்றால் போதும். அதன்பின் சும்மா இருங்கள். பிள்ளை பேசும்வரை காத்திருப்பது கஷ்டம், ஆனால் இந்த இடத்தில் அதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

பேசத் தொடங்கினால் நீங்கள் சொல்ல வேண்டியவை மூன்றே: "நீ சொன்னது நல்லது." "தப்பு உன்மேல இல்ல." "இனி நான் பார்த்துக்கிறேன்." கேட்கக் கூடாதவை பல: "நீ ஏன் அங்க போன?", "ஏன் அப்பவே கத்தல?", "அவர் அப்படிப்பட்ட ஆளே இல்லையே?" இவற்றில் எது வந்தாலும் குழந்தை அதோடு நிறுத்திக்கொள்ளும், அடுத்த தடவை சொல்லவே சொல்லாது.

நீங்களாகப் பதிலை எடுத்துக் கொடுக்காதீர்கள். "அவன் இங்க தொட்டானா?" என்பதைவிட "அப்புறம் என்ன ஆச்சு?" என்பதே சரி. நாளை நீதிமன்றத்தில் "அம்மா சொல்லிக் கொடுத்தது" என்ற வாதத்துக்கு இடம் இருக்காது. பிள்ளை தூங்கிய பிறகு அது சொன்ன வார்த்தைகளை அப்படியே, தேதியும் நேரமும் போட்டு, ஒரு தாளில் எழுதி வையுங்கள். திரும்பத் திரும்பச் சொல்ல வைக்க வேண்டாம். அத்தை வந்தால் ஒருமுறை, பெரியப்பா வந்தால் ஒருமுறை என்று ஒப்பிக்க வைப்பது குழந்தைக்குச் செய்யும் இன்னொரு கொடுமை.

வாய் திறக்காத பிள்ளையிடமும் அறிகுறி தெரியும். விட்டுப்போன படுக்கை நனைப்பு மறுபடி வருவது, ஒரு குறிப்பிட்ட ஆளைக் கண்டால் ஒளிவது, பள்ளி நாளில் மட்டும் வயிற்றுவலி, திடீரென்று கையில் புதுப் பொருளோ காசோ. ஒன்றை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது. இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் உட்கார்ந்து பேசுங்கள்.

மூன்றாம் படி: பள்ளியிடம் என்ன கேட்பது

அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், உறுப்பினர்களில் பாதிப்பேர் பெண்கள். கூட்டத்தில் கட்டடம், சத்துணவு பேசுவதோடு கீழே உள்ளவற்றையும் கேட்டு, பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள். தனியார் பள்ளியில் பெற்றோர் நாலு பேர் சேர்ந்து கடிதமாகக் கொடுங்கள். ஒருவர் கேட்டால் 'தொல்லை பிடித்த பேரன்ட்' என்பார்கள்; நாலு பேர் கேட்டால் பதில் சொல்வார்கள்.

கராத்தே மாஸ்டர், முகாம் நடத்துபவர், நடனம் சொல்லித் தருபவர் என்று வெளியிலிருந்து யார் வந்தாலும், அவரை அனுப்பிய அமைப்பிடம் பள்ளி எழுத்தில் உறுதி வாங்கியதா? பர்கூர் சம்பவத்துக்குப் பிறகு இந்தக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்படவே வேண்டாம். என்.சி.சி. என்றால் அதற்கு முறையான அலுவலகம் உண்டு. ஒரு கடிதத்தில் தெரிந்துவிடும். மாணவிகள் இரவு தங்கும் எந்த முகாமிலும் பெண் ஆசிரியர் அதே கட்டடத்தில் தங்குகிறாரா? சனிக்கிழமை சிறப்பு வகுப்பில் ஒரே ஆசிரியரும் ஒரே பிள்ளையும் கதவு சாத்திய அறையில் இருக்க நேர்கிறதா? கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, போகும் வழி ஆள் நடமாட்டம் உள்ளதா? பள்ளி வேனில் உதவியாளர் இருக்கிறாரா, கடைசி நிறுத்தத்தில் இறங்கும் பிள்ளை ஓட்டுநரோடு தனியாக எவ்வளவு தூரம் போகிறது?

அரசுப் பள்ளிகளில் 'மாணவர் மனசு' என்ற புகார்ப் பெட்டி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். பெட்டி இருக்கிறதா என்பதோடு விடாதீர்கள். யார் திறக்கிறார், எத்தனை நாளுக்கு ஒருமுறை, தலைமையாசிரியரைப் பற்றியே புகார் வந்தால் யாரிடம் போகும் என்று கேளுங்கள். பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417. அடிப்பது, மனம் புண்படத் திட்டுவது இரண்டும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் தடை செய்யப்பட்டவை. அதையும் இந்த எண்ணில் சொல்லலாம்.

தலைமையாசிரியரிடமும் தாளாளரிடமும் ஒரு விஷயத்தை மரியாதையாகவே நினைவுபடுத்துங்கள். போக்சோ குற்றம் நடந்தது தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் விட்டால் பெரியவர் எவருக்கும் ஆறு மாதம் வரை சிறை உண்டு. தனக்குக் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தை நிறுவனத் தலைவர் மறைத்தால் ஒரு வருடம் வரை. "முதல்ல நாங்க விசாரிச்சிட்டுச் சொல்றோம்" என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. நல்ல எண்ணத்தில் புகார் சொன்னவர்மீது, பின்னால் நிரூபிக்க முடியாமல் போனாலும், வழக்குத் தொடர முடியாது. பயந்து நிற்கும் ஆசிரியர்களுக்கு இது தெரிய வேண்டும்.

நான்காம் படி: போன்

ஒரு போனை வீடே பயன்படுத்தும் குடும்பங்கள்தான் நம் பக்கம் அதிகம். அம்மாவின் போன், அம்மாவின் மெயில் ஐ.டி., ஆனால் உள்ளே இருக்கும் இன்ஸ்டாகிராம் மகளுடையது. இதில் முதல் கோளாறு வயது. கணக்குத் தொடங்கும்போது 2000ஆம் ஆண்டு பிறந்ததாகப் போட்டுவிட்டால் அந்தச் செயலிக்கு உங்கள் பெண் பெரியவள்; 18 வயதுக்குக் கீழுள்ளவர்களுக்கு அது தரும் காப்பு எதுவும் வேலை செய்யாது. உட்கார்ந்து உண்மையான பிறந்த தேதியைப் போட வையுங்கள். கணக்கைத் தனிப்பட்டதாக மாற்றுங்கள். வாட்ஸ்அப்பில் அமைப்புகள், தனியுரிமை, குழுக்கள் என்று போய் 'எனது தொடர்புகள்' என்று வையுங்கள். முன்பின் தெரியாதவன் குழுவில் சேர்ப்பது நிற்கும். பிள்ளைக்கென்று தனி ஆண்ட்ராய்டு போன் வாங்கிக் கொடுத்திருந்தால் கூகுளின் ஃபேமிலி லிங்க் செயலியைப் போடுங்கள். எந்தச் செயலி இறக்கலாம், எவ்வளவு நேரம் பார்க்கலாம் என்பது உங்கள் கையில் இருக்கும். இரவு போன் பிள்ளையின் தலைமாட்டில் இருக்க வேண்டாம், நடுவீட்டில் சார்ஜ் ஏறட்டும்.

இவை எல்லாம் வேலிதான். கிடா வேலியைத் தாண்டும் என்று தெரிந்துதான் மேய்ப்பவர் கூட நிற்கிறார். கூட நிற்பது என்றால், போனில் தப்பு நடந்தால் போனைப் பிடுங்க மாட்டோம் என்று முன்பே வாக்குக் கொடுப்பது. மிரட்டுபவன் பிடித்துக்கொள்வது இந்தப் பயத்தைத்தான்: "உங்க வீட்ல சொல்லிடுவேன்." வீட்டில் ஏற்கெனவே சொல்லிவிட்ட பிள்ளையை அவனால் ஒன்றும் செய்ய முடியாது.

விளையாட்டுச் செயலியில் பழகியவனோ ரீல்ஸ் பார்த்துப் பேச வந்தவனோ ஒரு படம் வாங்கிவிட்டு மிரட்டுகிறான் என்று வையுங்கள். இந்த வரிசையில் செய்யுங்கள்.

1. காசு அனுப்பாதீர்கள், இன்னொரு படமும் அனுப்ப வேண்டாம். கொடுத்தால் நிறுத்த மாட்டான், இன்னும் கேட்பான்.
2. கோபத்தில் சாட்டை அழிக்காதீர்கள். அவனுடைய பயனர் பெயர், கணக்கின் இணைப்பு, போன் எண், பணம் கேட்ட யு.பி.ஐ. ஐ.டி., தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பிறகு தடை செய்யுங்கள்.
3. தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில், பெண்கள், குழந்தைகள் தொடர்பான குற்றம் என்ற பகுதியில் பதியுங்கள். பெயர் சொல்லாமல் பதியவும் வழி இருக்கிறது. பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை நடுவில் நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம். மாவட்டத்துக்கு ஒரு சைபர் குற்றக் காவல் நிலையமும் இருக்கிறது.
4. 18 வயதுக்குள் எடுத்த படம் என்றால் 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை உண்டு. படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது. அதன் எண் அடையாளம் மட்டும் உருவாகி, இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் போன்ற தளங்களுக்குப் போகும். அவர்கள் அதை வைத்துத் தேடி நீக்குவார்கள். வாட்ஸ்அப் சாட்டுக்குள் சுற்றுவதை இது எட்டாது.

ஐந்தாவதாக ஒன்று, உறவுக்காரர்களுக்கு. அந்தப் படத்தை "பாருங்க, எப்படிப் பண்ணியிருக்கான்" என்று மாமாவுக்கும் தலைவருக்கும் அனுப்பாதீர்கள். குழந்தையின் ஆபாசப் படத்தைப் பரப்புவது கடும் குற்றம். அழிக்காமலும் புகார் தராமலும் வைத்திருப்பதே போக்சோ 15ஆம் பிரிவின்கீழ் குற்றமாகலாம் என்பதை 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. போலீசிடம் மட்டும் காட்டுங்கள்.

ஐந்தாம் படி: ஊர்

கிணறு, கல்குவாரிக் குழி, தென்பெண்ணை, ஒகேனக்கல் பக்கக் காவிரி: கோடை விடுமுறையில் பிள்ளைகளைப் பெரியவர் துணையில்லாமல் விடாதீர்கள். கைவிட்ட குவாரியில் தேங்கிய தண்ணீரின் ஆழம் கரையிலிருந்து தெரியாது. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, தளி பக்கம் யானை நடமாட்டம் உள்ள நாட்களில் பள்ளிக்குக் கூட்டமாகப் போகட்டும், இருட்டுமுன் திரும்பட்டும். பள்ளியைச் சுற்றி 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது. உதட்டுக்குள் வைக்கும் போதைப் பொட்டலம் எந்தக் கடையில் கிடைக்கிறது என்று ஊருக்கே தெரிந்திருக்கும். குழந்தைக்குப் புகையிலையோ மதுவோ கொடுப்பவருக்கு ஏழு வருடம் வரை சிறை என்பது அந்தக் கடைக்காரருக்குத் தெரியாமல் இருக்கலாம். சொல்லிவிடுங்கள்.

நான் நின்று பேச விரும்புவது கல்யாணம் பற்றி. இரண்டு மாவட்டங்களிலும் இளவயதுத் திருமணம் இன்னும் நடக்கிறது. பத்தாம் வகுப்பு முடிந்ததும் "தாய்மாமன் கேக்குறான், நல்ல இடம்" என்ற பேச்சு எழும். பெற்றோர் எல்லோரும் கல்நெஞ்சர்கள் என்று நான் நினைக்கவில்லை. பெங்களூரில் வேலை, வீட்டில் வயதுப்பெண் தனியாக, யாரோடாவது போய்விட்டால் என்ற பயம். அந்தப் பயத்துக்குத் தாலி மருந்தில்லை. 18 வயது நிறையாத மனைவியோடு உடலுறவு கொள்வது வன்புணர்வு என்று 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாப்பிள்ளைமேல் போக்சோ வழக்கு வரும். பெண் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போகும்போது வயது தெரிந்து, கைக்குழந்தையோடு அவள் நிற்க, கணவன் சிறைக்குப் போகும் நிலை வரும். கல்யாணத்தை நடத்தியவர்களுக்கும் துணைபோனவர்களுக்கும் 2006ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி இரண்டு வருடம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். எல்லை தாண்டிக் கர்நாடகக் கோயிலில் தாலி கட்டினாலும் அதே சட்டம்தான்.

நிச்சயதார்த்தப் பேச்சு காதில் விழுந்தால் அன்றே 1098க்குச் சொல்லுங்கள். பெயர் சொல்ல வேண்டியதில்லை. மாவட்டச் சமூகநல அலுவலர்தான் குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர்; நீதிமன்றம் மூலம் தடை உத்தரவு வாங்கவும் முடியும். பத்திரிகை அடித்துப் பந்தல் போட்ட பிறகு நிறுத்துவதைவிட, பேச்சிலேயே நிறுத்துவது அந்தப் பெண்ணுக்கு நல்லது. பெற்றோரிடம் படிப்புக் கணக்கையும் சொல்லுங்கள். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரி சேர்ந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கு வரும்; பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம்.

பையன் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பேசியாக வேண்டும். 17 வயதுப் பெண் விரும்பித்தான் கூட வந்தாள் என்பது சட்டத்தில் செல்லாது. 19 வயதுப் பையன்கள் காதலித்து ஓடிப்போய்ப் போக்சோவில் உள்ளே இருக்கிறார்கள். இதை உங்கள் மகனிடம் பத்தாம் வகுப்பிலேயே சொல்லுங்கள், மிரட்டாமல்.

ஆறாம் படி: நடந்துவிட்டால், முதல் ஒரு நாள்

அடிபட்டிருந்தால், ரத்தம் போனால் முதலில் ஆஸ்பத்திரி. தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. எஃப்.ஐ.ஆர். போட்டுவிட்டு வா என்று யாரும் திருப்பி அனுப்ப முடியாது. புகார் பதியாவிட்டாலும் பரிசோதனை செய்ய வேண்டும், சிகிச்சை இலவசம். பெண் குழந்தையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிப்பார், நீங்கள் கூட இருக்கலாம். குளிக்க வைக்க வேண்டும் போல் கை பரபரக்கும், பொறுங்கள். உடுத்தியிருந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். கர்ப்பத் தடுப்பு, எச்.ஐ.வி. தடுப்பு மருந்துகளை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

அதன்பின் அவசர உதவி எண் 112, 1098, அல்லது நேராக அனைத்து மகளிர் காவல் நிலையம். எல்லையோரத்தில் இருந்து கூப்பிட்டால் ஊர், வட்டம், மாவட்டத்தை முதலில் சொல்லுங்கள். சம்பவம் நடந்தது வேறு எல்லை, ஏன் வேறு மாநிலமே என்றாலும், எந்தக் காவல் நிலையத்திலும் புகாரைப் பதிந்து உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும். பெங்களூரில் வேலைத்தளத்தில் நடந்ததை ஊருக்கு வந்து சொன்னாலும் பதிவார்கள். எஃப்.ஐ.ஆர். நகலைக் கேட்டு வாங்குங்கள், காசில்லை.

குழந்தையை ஸ்டேஷனுக்கு இழுத்துப்போக வேண்டியதில்லை. வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத பெண் அதிகாரி வந்து வாக்குமூலம் வாங்குவார். ராத்திரி எந்தக் காரணத்துக்கும் குழந்தையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளை என்றால் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். வேப்பனஹள்ளி, ஓசூர், தளி பக்கத்துக் குடும்பங்கள் இதை அவசியம் நினைவில் வையுங்கள். 24 மணி நேரத்துக்குள் போலீஸ் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும்.

இந்த ஒரு நாளுக்குள் வீட்டுக்கு ஆள் வரும். ஊர்ப் பெரியவர், கட்சிக்காரர், எதிர்த்தரப்பின் சொந்தக்காரர். "பேசி முடிச்சிக்கலாம்" என்பார்கள். பணம் சொல்வார்கள், சில சமயம் அவனையே கட்டி வைக்கிறோம் என்பார்கள். போக்சோ குற்றத்தைப் பஞ்சாயத்தில் முடிக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. "எல்லாம் கோர்ட்ல பேசிக்கலாங்க" என்று வாசலிலேயே சொல்லி அனுப்புங்கள். மிரட்டினால் அதையும் புகாராகக் கொடுங்கள். ஊர் வாட்ஸ்அப் குழுவில் பெயரோ படமோ பள்ளியோ போட்டால், போட்டவருக்கு ஒரு வருடம் வரை சிறை உண்டு.

ஏழாம் படி: அதற்குப் பிறகு

குழந்தைகள் நலக் குழுவிடம் 'உதவி நபர்' ஒருவரைக் கேளுங்கள். வழக்கு முடியும்வரை குழந்தைக்கும் குடும்பத்துக்கும் துணையாக, ஆஸ்பத்திரிக்கும் கோர்ட்டுக்கும் கூட வருவார். வக்கீலுக்குக் காசில்லை என்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாகத் தரும்; எண் 15100. வழக்கு முடியக் காத்திருக்காமல் இடைக்கால இழப்பீடு கேட்டுச் சிறப்பு நீதிமன்றத்தில் மனுப் போடலாம். சாட்சி சொல்லும்போது குற்றம் சாட்டப்பட்டவன் முகத்தைக் குழந்தை பார்க்க நேராதபடி செய்வது நீதிமன்றத்தின் பொறுப்பு.

தூக்கம் கெட்டு, சாப்பிடாமல், தன்னையே வெறுக்கும் பேச்சு வந்தால் 14416 என்ற மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள், தமிழிலேயே பேசலாம். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கும் போகலாம்.

படிப்பு நிற்கக் கூடாது. "கொஞ்ச நாள் வீட்லயே இருக்கட்டும்" என்று பள்ளியே சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். குற்றம் சாட்டப்பட்டவர்தான் அங்கிருந்து விலக வேண்டும். பள்ளி மாற வேண்டும் என்று பிள்ளையே விரும்பினால், மாற்றுச் சான்றிதழில் காரணம் எதையும் எழுதாமல் வாங்குங்கள். தாமதித்தால் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலரிடமோ மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிடமோ சொல்லுங்கள். கோர்ட் தேதி பரீட்சை நாளில் விழுந்தால், உதவி நபர் மூலம் அரசு வழக்கறிஞரிடம் முன்கூட்டியே சொல்லித் தேதியை மாற்றக் கேட்கலாம். தேர்வு அட்டவணையின் நகலையும் கூடவே கொடுங்கள்.